எட்டு முழ நிழல்

எங்கள் ஊருக்கு வந்த முதல் வெளிநாட்டு விருந்தாளியை டீக்கடைக்காரர் மூன்று கோலி சோடாக்களை உடைத்து வரவேற்றார். அந்த அம்மா மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. எண்பதுகளில் பாதி தாண்டியிருக்கும். பங்குனி வெயிலில் பரளச்சிக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்து, காய்ந்த செடி மாரையும் பிடுங்கி வீட்டுக்கு வீடு அடுப்புக்கு அடுக்கியாயிற்று. அப்படி ஒரு மதியம் அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினார். பேண்ட்டும் சட்டையும் போட்டிருந்தார். தலைமுடியைக் கழுத்தோடு கத்தரித்திருந்தார். மற்றபடி நிறம், மூக்கு, நடை எல்லாம் எங்கள் ஊர்ப் பெண்களுடையதுதான். அதனால்தான் அவருக்குத் தமிழ் தெரியாது என்பதை ஒருவரும் நம்பவில்லை. வேண்டுமென்றே நடிக்கிறார் என்று சிலர் கோபப்பட்டார்கள்.

நேரே டீக்கடைக்கு வந்து கும்பிட்டார். "ஒட... ஒட..." என்றார். வேர்த்து வழிய நிற்கிறவர் உடை உடை என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? ஒரு சோடாவை உடைத்து நீட்டினார். மரியாதைக்காக அதைக் குடித்துவிட்டு மறுபடியும் "ஒட" என்றார் அவர். இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதில் அவருக்கு ஏப்பம் வந்தது, கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏ புள்ள, ஓடிப்போயி ஒங்கப்பாவக் கூட்டியா. இந்தம்மா என்னத்தையோ ஒடைக்கச் சொல்லுது, எதன்னு தெரியல" என்று என்னை விரட்டினார்.

என் அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். ஊரில் இங்கிலீசு தெரிந்தவரும் அவர்தான். எழுதச் சொன்னால் நன்றாக எழுதுவார். பேசச் சொன்னால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார். அன்று அவர் செருமிய செருமலில் டீக்கடைக்குக் கூட்டம் கூடிவிட்டது.

அந்த அம்மா மொரிசியசிலிருந்து வந்திருந்தார். எங்கள் ஊர் வாயில் அது மோரீசு ஆயிற்று, அவர் மோரீசு அத்தை ஆனார். முறை இல்லாமல் ஒரு ஆளை வீட்டுக்குள் விட என் அம்மாவுக்குச் சம்மதமில்லை. அதனால் அப்பாவுக்குத் தங்கச்சி, எனக்கு அத்தை என்று வாசற்படியிலேயே முடிவு செய்துவிட்டு, கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். அத்தையின் கையில் ஒரு தாள் இருந்தது. கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பல் ஏறியவர்களைப் பதிந்துவைத்த ஏட்டின் நகல். அதில் அவருடைய தாத்தாவின் வயது, இடது புருவத்தில் ஒரு தழும்பு, ஊர் பரளச்சி என்று இருந்தது. அந்தத் தழும்பை வைத்து ஊரில் நான்கு குடும்பங்கள் அவரைச் சொந்தம் கொண்டாடின. எங்கள் ஊரில் புருவத்தில் தழும்பு இல்லாத குடும்பம் எது?

அத்தை படம் வரைகிறவர். அப்பா இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒருவர், "டூரிங் கொட்டகைக்கு போர்டு எழுதுறவுகளா?" என்று கேட்டார். இல்லை. மண்ணும் இலையும் மரப்பட்டையும் வைத்து வரைகிறவர். அவர் பை நிறைய பிலிம் டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மண். ஒன்றில் கரும்புத் தோட்டத்துச் செம்மண், ஒன்றில் கடற்கரை மணல். மண்ணைப் பத்திரப்படுத்திக் கப்பல் தாண்டி, ஆகாசம் தாண்டிக் கொண்டு வந்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

ஆனால் அவர் படம் வரைய வரவில்லை. அவருடைய அப்பா ஆயுசு முழுக்கக் கரும்பு வெட்டியவர். போன வருடம் வாதம் அடித்துப் படுத்துவிட்டார். பேச்சு போய்விட்டது. பேசிக்கொண்டிருந்த அந்த ஊர்ப் பாஷை, பிரெஞ்சு எல்லாம் போய், ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் மிஞ்சியது. அதுவும் அவர் வாழ்நாளில் வீட்டில் ஒரு தடவைகூடச் சொல்லிக் கேட்டிராத சொல். ஒட. காலையில் கண் திறந்ததும் அதைக் கேட்பார். தண்ணீர் கொடுத்தார்கள், தலையை ஆட்டி வேண்டாம் என்றார். சோறு, ரசம், பால் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். கோயிலிலிருந்து பூசாரியைக் கூட்டி வந்தார்கள். கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். எதுவும் அது இல்லை. கடைசியில் அழுவார். இப்படி ஒன்பது மாதம்.

"நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்டுக் கேட்டு இருபது வருடமாக மண்ணில் படம் போடுகிறேன், எல்லோரும் பாராட்டுகிறார்கள், என் அப்பா கேட்கிற ஒரு பொருளை எடுத்துக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை" என்று அத்தை சொன்னதை அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவர் திரும்பிப் போக ஆறு நாள்தான் இருந்தது. அதற்குள் அது என்னவென்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அப்பா உடனே வாத்தியார் ஆகிவிட்டார். அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து அந்தச் சொல்லை மூன்று தடவை சொல்லச் சொன்னார். முதல் எழுத்து குறிலா நெடிலா என்பதுதான் அவருக்குப் பிரச்சினை. மூன்று தடவையும் மூன்று அளவில் வந்தது. நெடிலாக இருந்தால் ஓடை. சரி, ஓடையைப் போய்ப் பார்த்துவிடலாம் என்று மறுநாள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார். அதில் மழைக்காலத்திலேயே தண்ணீர் வந்தால் வந்ததுதான். மணலும் சீமைக்கருவையும் மட்டும் கிடந்தன. அத்தை ஒரு டப்பாவில் கொஞ்சம் மணலை அள்ளிக்கொண்டார், அவ்வளவுதான்.

"தண்ணி ஓடாத ஓடைய எதுக்கு ஒரு மனுசன் கேப்பாரு?" என்றாள் அம்மா.

அப்பா குறிலுக்குத் திரும்பினார். உடை. அதுதான் என்று அவருக்குப் படாரென்று பட்டுவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடக்கிற பெரியவர், தன் தகப்பன் ஊர்க்காரர்கள் கட்டுகிற வேட்டியைக் கேட்கிறார். பேச்சு வழக்கில் யாரும் உடை என்று சொல்வதில்லையே என்றாள் அம்மா. அந்தக் காலத்து ஆட்கள் நல்ல தமிழ் பேசினார்கள் என்று அப்பா அவள் வாயை அடைத்தார். இலக்கணம் கையில் இருக்கும்போது அப்பாவை எதிர்த்துப் பேச எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. மூன்றாம் நாள் காலைப் பஸ்ஸில் அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் அருப்புக்கோட்டை போனோம்.

அப்பாவிடம் படித்த ஒரு நெசவுக்காரப் பையனின் வீட்டுக்குப் போனோம். உள்ளே தறிச் சத்தம், சத்தத்துக்கு மேல் தெலுங்குப் பேச்சு. எங்களைக் கண்டதும் எல்லோரும் தமிழுக்கு மாறினார்கள். எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து விரித்தார்கள். கஞ்சி வாடை மாறாத புதுத் துணி. அத்தை அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். அப்பா வெற்றி பெற்றவராக நின்றுகொண்டு, எதற்காக இதை வாங்குகிறோம் என்று கதையைச் சொன்னார். பையனின் தகப்பனார் தறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எங்க பேச்சுல ஓடன்னா கப்பலுங்க."

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் செருமிக்கொண்டு அதை அத்தைக்கு இங்கிலீசில் சொன்னார். அத்தை கேட்டுவிட்டு அப்படியே வேட்டியை மடியில் போட்டுக்கொண்டு தறிக் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸிலும் வேட்டியை மடியிலேயே வைத்திருந்தார். கப்பல் என்றால் அவர் எங்கே போய்க் கொண்டு வருவார்? தன் தகப்பன் வந்த கப்பலைத் திரும்பக் கேட்கிறார் என்றால் அதற்கு மகள் என்ன செய்ய முடியும்? எனக்கு அப்போது இந்த அளவுக்கு விளங்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் பெரிய மனுஷி ஒருவர் சத்தமில்லாமல் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, அவ்வளவுதான்.

நாலாம் நாள் காலை. அம்மா அடுப்படியில் கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இந்த மூன்று நாளும் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கூழைக் கிண்டியபடியே அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அவுக அப்பா எப்பிடிக் கேக்காகன்னு கேளுங்களேன். வாயால மட்டுமா? கையக் கிய்ய ஆட்டிக் காட்டுவாகளா? எங்கய்யா வாதத்துல கெடந்தப்போ எல்லாம் கையிலதான் கேப்பாக."

அப்பா கேட்டார். அத்தை எங்கள் வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்தார். ஒரு கையை மட்டும் நடுங்க நடுங்க மேலே தூக்கினார். உள்ளங்கையைக் கவிழ்த்து, ஐந்து விரலையும் விரித்து, தட்டையாகத் தன் முகத்துக்கு நேராக நிறுத்தினார். மணிக்கட்டு நேராக நின்றது, அதன் மேல் விரல்கள் பரந்து நின்றன. "ஒட" என்றார்.

"ஒடமரம்!" என்று நான் கத்தினேன்.

இதைக் கண்டுபிடிக்க அறிவு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் காட்டு வரப்பில் அப்படித்தான் ஒரு மரம் நின்றது. அடி ஒற்றையாக மேலே போய், உச்சியில் கத்தரித்துவிட்டது போலத் தட்டையாக நாலு பக்கமும் விரிந்திருக்கும். ஆட்டுக்கு அதன் காயை உலுக்கிப் போடுவது என் வேலை. அதன் வெள்ளை முள் தைக்காத நாள் என் காலுக்குக் கிடையாது. ஓடை, உடை, கப்பல் என்று பெரியவர்கள் காதால் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் கையைப் பார்த்தேன். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "உடை... குடைவேல்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். புத்தகத்தில் அந்த மரத்துக்கு அப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது. அதைப் படித்த மனிதருக்கு ஊரைத் தாண்டினால் நிற்கிற மரம் ஞாபகம் வரவில்லை.

உச்சி வெயிலில் நான் முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் அத்தை, அவருக்குப் பின்னால் அப்பா, அம்மா, வழியில் சேர்ந்துகொண்ட பாதி ஊர். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை. ஒரு மைல் தூரத்துக்கு வெடித்த கரிசலும் வெயிலும் தவிர ஒன்றுமில்லை. கானல் ஓடியது. அதன் நடுவில் அந்த மரம், அதற்குக் கீழே கறுப்பாக ஒரு வட்ட நிழல். நிழலுக்குள் ஒரு கிடை ஆடு முழுவதும் தலையைத் தலையோடு சேர்த்துப் படுத்திருந்தது. தினமும் நான் பார்க்கிற மரம்தான். ஆனால் இத்தனை பேர் அதைப் பார்த்து நின்றதும் எனக்கே அது புதிதாகத் தெரிந்தது. கோயிலுக்குள் நுழைகிற மாதிரி உடம்பு சிலிர்த்தது.

அத்தை நிழலின் விளிம்பில் நின்றார். செருப்பைக் கழற்றினார். "முள்ளு! முள்ளு!" என்று அம்மா பதறினாள். அவர் கேட்கவில்லை. மூன்றாவது அடியில் முள் ஏறியது. குனிந்து பிடுங்கிய முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார். பிறகு ஆடுகளுக்கு நடுவில் படுத்து, தன் கையை உயரத் தூக்கி விரித்தார். மேலே மரமும் அப்படியே விரிந்திருந்தது. அவர் தன் தாத்தாவைப் பற்றி ஏதோ சொன்னார். அப்பா அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவருடைய தாத்தா கரும்புக் காட்டில் மத்தியானம் சின்னப் பையனாக இருந்த அத்தையின் அப்பாவைக் கூப்பிட்டு, ஏதோ ஒரு மரத்தடியில் படுக்க வைத்து, வெயில் படாமல் முகத்துக்கு மேலே கையை விரித்துப் பிடித்திருக்க வேண்டுமாம். ஒடைக்கு வா என்று கூப்பிட்டிருப்பார். அந்தத் தீவில் இந்த மரம் கிடையாது. அங்கே இருந்த நிழலுக்கெல்லாம் தாத்தா இந்தப் பெயரை வைத்திருப்பார்.

"மரத்தை எப்பிடிக் கொண்டுபோவாக?" என்று ஆடு மேய்க்கிறவர் கேட்டார். எல்லோருக்கும் அதுதான் கவலை. கன்று கிடைத்தாலும் ஆகாய விமானத்தில் விடமாட்டார்களாம். இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது.

அத்தை எழுந்து பையைத் திறந்தார். தப்பாகப் போய் வாங்கிய அந்த எட்டு முழ வேட்டியை எடுத்தார். ஆடுகளை ஓட்டச் சொல்லிவிட்டு, மரத்தடியில் கரிசலின் மேல் அதை விரித்தார். நாலு மூலைக்கும் மண்கட்டி வைத்தோம். வெள்ளை வேட்டியில் மரத்தின் நிழல் விழுந்தது. அதுவரை தரையில் வெறும் கறுப்பாகக் கிடந்த நிழலில் கிளை தெரிந்தது, கிளைக்குள் கிளை தெரிந்தது, முள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இடையிடையே வெயில் பொட்டுப் பொட்டாக நடுங்கியது. ஊரே வாய் பிளந்து நின்றது. நிழலுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அதை அவர் பிடித்து நிறுத்த ஆரம்பித்தார். கரிசல் மண்ணை நுணுக்கித் தண்ணீரில் கரைத்தார். அது துணியில் நிற்பதற்கு ஏதோ வேண்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். நான் மரத்தின் அடியில் வடிந்திருந்த பிசினைப் பிய்த்துக் கொடுத்தேன். நோட்டுக்கு அட்டை ஒட்ட நாங்கள் அதைத்தான் வைத்திருந்தோம். அவர் அதை வாயில் போட்டு ருசி பார்த்தார், என்னைக் கட்டிக்கொண்டார். உலகம் முழுக்க வண்ணத்தில் கலக்கிற பிசின் இந்தச் சாதி மரத்தில்தான் வடியும் என்று அப்பா மூலம் எனக்குச் சொன்னார். இருபது வருடமாகக் கடையில் வாங்கிக் கலந்துகொண்டிருந்தாராம், எந்த மரத்தின் கண்ணீர் என்று யோசித்ததில்லையாம்.

நிழல் நிற்காது. உச்சிப் பொழுதில் ஒரு கொஞ்ச நேரம் மட்டும்தான் அவருக்கு வேண்டிய இடத்தில் இருக்கும், பிறகு நகர்ந்துவிடும். அதனால் ஓட்டமாக ஓடி ஓடிக் குனிந்து வரைந்தார். நேரம் தவறியதும் கையை உதறிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மண்கட்டி வைத்த இடத்தில் முளை அடித்துவிட்டு, மறுநாள் அதே இடத்தில் துணியை விரித்து, அதே நேரத்துக்குக் காத்திருந்தார். நான் குடத்தில் தண்ணீரும் கை நிறையப் பிசினும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மூன்று மத்தியானத்தில் முடிந்தது. மூன்றாவது நாள் துணியை வெயிலுக்கு இழுத்துப் போட்டார்கள். மரத்தை விட்டுத் தள்ளி, நட்ட நடு வெயிலில், நிழல் மட்டும் தனியாகக் கிடந்தது. ஒரு வெள்ளாட்டுக் குட்டி போய் அதன் மேல் படுத்துக்கொண்டது. இது கதைக்காகச் சொல்வதல்ல. படுத்தது, சுட்டதும் எழுந்து ஓடியது.

அன்றைக்குச் சாயங்காலப் பஸ்ஸில் அத்தை போய்விட்டார். நிழலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நான் புத்தகப் பையோடு காட்டுக்கு ஓடினேன். எட்டு முழம் போன பிறகு மரத்துக்கு நிழல் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. குறையாமல் இருந்தது. அதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. மோரீசுத் தபால் தலை ஒட்டிய, தடித்த உறை. தபால்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார். அப்பா முதல் பக்கத்தை உரக்கப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். வேட்டியைக் கட்டிலுக்கு மேலே பந்தல் மாதிரி நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினார்களாம். பெரியவர் அண்ணாந்து பார்த்தாராம். தூக்கிய கையைத் தானாகக் கீழே இறக்கி வைத்தாராம். அதற்கப்புறம் கேட்கவே இல்லையாம். பன்னிரண்டு நாள் அதைப் பார்த்தபடியே படுத்திருந்தாராம். நான் குதித்தேன். அது என் மரம், என் பிசின், கண்டுபிடித்ததும் நான்.

இரண்டாவது பக்கத்தை அப்பா உரக்கப் படிக்கவில்லை. படித்து முடித்ததும் உறைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார். அம்மா பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு தாத்தா கண்ணை மூடிப் படுத்திருந்தார். இடது புருவம் எங்கள் ஊர்ப் புருவம்தான். பந்தலாகக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிக் கழுத்து வரைக்கும் போர்த்தியிருந்தார்கள். எங்கள் கரிசல், எங்கள் கிளை, எங்கள் முள் எல்லாம் அவர் மேல் தெளிவாக விழுந்திருந்தன. கழுத்தில் ஒரு மாலை. வேட்டிக்கு வெளியே பாதம் இரண்டும் தெரிந்தன.

"காலு ரெண்டு கட்டைவெரலையும் எதுக்குப்பா சேத்துக் கட்டியிருக்காக?" என்று கேட்டேன்.

அப்பா என் தலையில் கையை விரித்து வைத்தார். "தூக்கத்துல ஒதறாம இருக்கத்தான் தாயி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னதும் சரிதான் போலுக்கு. உடையும்தான்" என்றார்.

எனக்குக் கோபமான கோபம். இத்தனைக்குப் பிறகும் தோற்றதை ஒத்துக்கொள்ளாமல் இலக்கணம் பேசுகிறாரே என்று அப்பாவோடு சண்டை போட்டேன். மரம்தான், உடை இல்லை என்று காலை உதைத்துக்கொண்டு கத்தினேன். அவர் போட்டோவை என்னிடமே விட்டுவிட்டார். மறுநாள் அந்தப் போட்டோவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், எங்கள் ஒடமரத்து நிழலில் ஒரு தாத்தா எவ்வளவு நன்றாகத் தூங்குகிறார் பாருங்கள் என்று வகுப்பு முழுக்கக் காட்டினேன்.